ஊர்ப் பள்ளிக்குக் குடும்பங்கள் சேர்ந்து கொடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்பம் பள்ளத்தாக்கில் வீடும், மேலே கேரளத்தில் குமுளி, வண்டன்மேடு பக்கம் ஏலக்காய்த் தோட்டமும் வைத்திருக்கும் ஏழு குடும்பங்கள் நாங்கள். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ள சில அரசுப் பள்ளிகளுக்கு ஒரு பொது நிதியிலிருந்து உதவி வருகிறோம். கணக்கு எழுதுவது என் பொறுப்பு. அதனால் கல்யாண வீட்டிலும் வாட்ஸப்பிலும் எல்லாரும் கேள்வியை என்னிடமே கொண்டு வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை இங்கே ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

அரசுப் பள்ளிக்கு அரசு செலவு செய்கிறதே, நாம் எதற்குக் கொடுக்க வேண்டும்?

அரசு செய்வதை எந்தக் குடும்பத்தாலும் செய்ய முடியாது. ஆசிரியர் சம்பளம், பாடப்புத்தகம், சீருடை, மதிய உணவு, 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவு என்று எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் நம் பணம் அதன் பக்கத்தில் வைக்கக்கூட ஆகாது. அதை ஈடுகட்டுவதற்காக நாங்கள் கொடுக்கவில்லை.

ஆனால் பள்ளி என்பது தினமும் ஓடுகிற இடம். மோட்டார் எரிந்துபோனால் கழிப்பறைக்குத் தண்ணீர் இன்று மதியமே நின்றுவிடும். அதற்கான கோப்பு நகர்ந்து பணம் வருவதற்குள் மாதங்கள் போகும். அந்த இடைவெளியில் தலைமை ஆசிரியர் சொந்தப் பணத்தைப் போட்டு ஓட்டுவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அந்த இடத்தில்தான் ஊர் நிற்க வேண்டும்.

இது புதிதாக யாரும் கண்டுபிடித்ததும் இல்லை. காமராஜர் 1956-இல் எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கியபோது ஊர்க்காரர்களின் நன்கொடையும் அதில் இருந்தது. 1958 முதல் பொதுக்கல்வி இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் பெஞ்சு, மணி, கடிகாரம், நிலம் என்று முடிந்ததை மக்கள் கொடுத்தார்கள். அதற்கும் முன்னால், காமராஜர் படித்த விருதுநகர் சத்திரிய வித்தியாசாலையை ஊரார் வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்து நடத்தினார்கள். சோறு வடிக்கும்போது ஒரு பிடியைத் தனியாக எடுத்து வைத்த பெண்கள்தான் அந்தப் பள்ளியின் முதல் நன்கொடையாளர்கள் என்று நான் நினைக்கிறேன்.

தனியாகக் கொடுத்தால் போதாதா? ஏன் சேர வேண்டும்?

தனியாகக் கொடுத்துத் தப்பு செய்த பிறகுதான் சேர்ந்தோம். எங்கள் மாமனார் நினைவாக ஒரு பள்ளியில் பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை கட்டிக் கொடுத்தோம். டைல்ஸ் போட்டு, நீல வாளி வைத்து, திறப்பு விழாவுக்கு மாலை எல்லாம் போட்டோம். அடுத்த வருஷம் போய்ப் பார்த்தால் கதவில் பூட்டு. பின்பக்கம் சுற்றிப்போய் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வாளிக்குள் வாளி அடுக்கியிருந்தது, மேலே காய்ந்த இலைகள். மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற வழி இல்லை, சுத்தம் செய்ய ஆளும் இல்லை. பூட்டி வைத்த தலைமை ஆசிரியையைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சுவரைக் கட்டியதோடு நாங்கள் கிளம்பிவிட்டோம். பிள்ளைகள் முன்பு போலவே மதியம் வரை தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டு இருந்தார்கள்.

அதே வருஷம் எங்கள் உறவில் இன்னொருவர், பக்கத்துப் பள்ளிக்குக் குடிநீர் இயந்திரம் வாங்கிக் கொடுத்தார். அங்கே ஏற்கெனவே ஒன்று இருந்தது. பேசி வைத்துச் செய்திருந்தால் அந்தப் பணத்தில் மோட்டாரும், ஒரு வருஷத்துக்குத் துப்புரவு ஆள் கூலியும் ஆகியிருக்கும்.

இன்னொரு காரணம் ஏலக்காய் விலை. 2019 ஆகஸ்டில் இடுக்கி மாவட்டம் புற்றடியில் ஏலக்காயை ஏலம் விடும் இடத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. அப்போது எல்லாருக்கும் கை தாராளம். 2021, 2022-இல் ஆயிரத்துக்கும் கீழே போனபோது செடிக்கு மருந்தடிக்கும் செலவுக்கே கஷ்டம். விலையோடு சேர்ந்து நம் தர்மமும் ஏறி இறங்கினால் பள்ளிக்கூடம் என்ன செய்யும்? பொது நிதியில் நல்ல வருஷத்துப் பணம் கெட்ட வருஷத்துக்கு நிற்கிறது.

ஒவ்வொரு குடும்பமும் எவ்வளவு போடுகிறது?

கிலோவுக்கு 2 ரூபாய். ஸ்டோரில், அதாவது உலர்த்தும் கூடத்தில், காய்ந்து வந்த காய் எடைக்குக் கணக்கு. வியாபாரிகள் சரக்குக்கு இவ்வளவு என்று எடுத்து வைத்த பழைய மகமை முறைதான் இது. பெரிய தோட்டக்காரர் கூடப் போடுவார், சின்னவர் குறைவாகப் போடுவார், ஆனால் முடிவெடுக்கும்போது குடும்பத்துக்கு ஒரே ஓட்டு. இதை முதல் கூட்டத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டோம். இல்லாவிட்டால் அதிகம் கொடுத்தவர் சொல்வதுதான் நடக்கும், மற்றவர்கள் இரண்டாவது வருஷம் வரமாட்டார்கள்.

எந்தப் பள்ளிக்கு என்ன தேவை என்று யார் முடிவு செய்வது?

பள்ளிதான். இன்னும் சரியாகச் சொன்னால் பள்ளி மேலாண்மைக் குழு. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி இந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பது அவர்களின் வேலை. நாங்கள் முதலில் அந்தத் திட்டத்தைத்தான் கேட்கிறோம். சில பள்ளிகளில் அது பேருக்கு எழுதிய காகிதமாக இருக்கும். அப்படியானால் உட்கார்ந்து எழுதுவதற்கே உதவுகிறோம்.

ஒரு கூட்டத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டுப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளி. நாங்கள் கம்ப்யூட்டர் வாங்கித் தரலாம் என்ற நினைப்போடு போயிருந்தோம். வராந்தாவில் பாய் விரித்திருந்தார்கள். தாய்மார்களில் பாதிப் பேர் விடியற்காலை ஜீப்பில் கம்பம்மெட்டு வழியாக மேலே தோட்டத்துக்குப் போய்விட்டு அப்போதுதான் இறங்கி வந்தவர்கள். ஒருவர் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டபோது விரல்களைப் பார்த்தேன். காய் எடுத்த பால் பிடித்து நுனியெல்லாம் கறுத்திருந்தது. அவர்தான் பேசினார்:

"அக்கா, கம்ப்யூட்டரு இருக்கட்டும். நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விடுது. நாங்க ஜீப்புல வந்து எறங்க ஆறாயிருது. அதுவரைக்கும் பிள்ளைங்க ரோட்டுல நிக்குதுங்க. அதுக்கு ஒரு வழி பண்ணுங்க."

யாரும் பேசவில்லை. எங்கள் தோட்டத்து ஜீப்பும் அந்த வழியில்தான் வருகிறது. இத்தனை வருஷமாக எனக்கு அது தோன்றவில்லை.

தலைமை ஆசிரியர் வட்டாரக் கல்வி அலுவலரிடம் அனுமதி வாங்கினார். அதே தெருவில் இருக்கும், பட்டம் படித்த இரண்டு பெண்களுக்கு மாதம் ஒரு தொகை கொடுத்தோம். நாலு மணி முதல் ஆறரை வரை: முதலில் சுண்டல், அப்புறம் கதைப் புத்தக வாசிப்பு, வீட்டுப் பாடம். 2021-இல் அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வி என்ற மாலை வகுப்புத் திட்டத்தில் பார்த்த வடிவம்தான், நேரத்தை மட்டும் ஜீப் வரும் நேரத்துக்கு ஏற்ப மாற்றினோம். எங்கள் நிதியில் இதுவரை செய்த செலவுகளில் எதை மறுபடியும் செய்வீர்கள் என்று கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன்.

கட்டடம், ஸ்மார்ட் வகுப்பறை எல்லாம் கொடுக்க மாட்டீர்களா?

பராமரிப்புக்கு ஐந்து வருஷத்துக்கான பணமும் பொறுப்பான ஆளும் சேர்த்துத் திட்டத்தில் இருந்தால் கொடுப்போம். இல்லாவிட்டால் இல்லை. பூட்டிய அந்தக் கதவை நான் மறக்கவில்லை.

ஆசிரியர் பற்றாக்குறை இருக்கிறது. சம்பளம் கொடுத்து ஒருவரை வைக்கலாமா?

இதில் எங்களுக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. ஆசிரியர் இல்லாத வகுப்பில் பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்க்க மனசு கேட்காது, உண்மைதான். ஆனால் ஊரே ஆள் வைத்துக்கொண்டால் காலிப் பணியிடம் நிரம்புவதற்கான அவசரம் போய்விடுகிறது. அதனால் வகுப்பாசிரியர் வேலைக்கு நாங்கள் பணம் தருவதில்லை. காலியிடத்தை நிரப்பக் கோரும் மனுவை மேலாண்மைக் குழு தீர்மானமாகப் போட்டு அனுப்ப உதவுகிறோம். வாசிப்பு உதவியாளர், மாலை வகுப்பு, நூலகம் பார்த்துக்கொள்பவர் என்று அரசுப் பணியிடம் இல்லாத வேலைகளுக்கு மட்டும் தருகிறோம்.

கேரளப் பக்கத்தில் நடைமுறை வேறா?

வேறு. அங்கே அரசுத் தொடக்க, நடுநிலைப் பள்ளிகள் கிராமப் பஞ்சாயத்தின் பொறுப்பிலும் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள் மாவட்டப் பஞ்சாயத்தின் பொறுப்பிலும் இருக்கின்றன. எனவே பஞ்சாயத்து உறுப்பினரைப் பார்க்காமல் ஒரு விஷயமும் நகராது. அதை நல்ல ஏற்பாடு என்றே சொல்வேன், கேள்வி கேட்க ஆள் பக்கத்திலேயே இருக்கிறார். கல்வித்துறையில் ஏ.இ.ஓ., அதாவது உதவிக் கல்வி அலுவலரின் அலுவலகம் முதல் படி. எய்டட் பள்ளிகள் அங்கே நிறைய. சம்பளம் அரசு தரும், நிர்வாகம் தனியார். எங்கள் பணம் அரசுப் பள்ளிகளுக்கு மட்டும் என்று வரம்பு வைத்திருக்கிறோம்.

1956 நவம்பரில் மொழிவழி மாநிலம் பிரிந்தபோது தேவிகுளம், பீர்மேடு கேரளத்தோடு நின்றன. தோட்டங்களில் தமிழ்க் குடும்பங்கள் அங்கேயே தலைமுறையாக இருக்கின்றன. தமிழ் வழி வகுப்புகளுக்குப் பாடப்புத்தகத்தைக் கேரள அரசு அச்சிட்டுத் தருகிறது. ஆனால் பாடப்புத்தகத்துக்கு வெளியே படிக்க ஒரு தமிழ்க் கதைப் புத்தகம் மலைமேல் எங்கே கிடைக்கும்? பெட்டி பெட்டியாகப் புத்தகம் ஏற்றுகிற வேலை அங்கேதான் அதிகம். மலையாளக் கதைப் புத்தகங்களும் சேர்த்துத்தான் அனுப்புகிறோம். அந்தப் பிள்ளைகளுக்கு இரண்டு மொழியும் வேண்டும்.

இப்படிக் கூட்டாகச் செய்தது வேறு எங்காவது பெரிய அளவில் நடந்திருக்கிறதா?

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது. சியர்ஸ் ரோபக் நிறுவனத்தின் பங்குதாரர் ஜூலியஸ் ரோசன்வால்ட், கறுப்பினக் கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டனோடு சேர்ந்து தென் மாநிலக் கிராமங்களில் கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பள்ளி கட்ட உதவினார். 1912 வாக்கில் அலபாமாவில் சில பள்ளிகளில் ஆரம்பித்தது. 1932-க்குள் 15 மாநிலங்களில் 4,977 பள்ளிகள் ஆகிவிட்டன. மொத்தச் செலவு சுமார் 2 கோடியே 84 லட்சம் டாலர். அதில் ரோசன்வால்ட் நிதி கொடுத்தது 43 லட்சம்தான். கறுப்பின மக்கள் தாங்களே 47 லட்சம் திரட்டினார்கள், அவரைவிட அதிகம். பெரும் பங்கு அரசின் வரிப்பணம். கட்டிய பள்ளி அரசுக் கல்வி வாரியத்துக்குச் சொந்தமாக வேண்டும் என்பது நிபந்தனை. பள்ளியை நடத்தும் கடமையிலிருந்து அரசு நழுவ முடியாதபடி செய்தார் பாருங்கள், அதுதான் எங்களுக்குப் பாடம்.

பக்கத்திலேயே பார்க்க வேண்டும் என்றால் கோழிக்கோட்டில் நடக்காவு அரசுப் பெண்கள் பள்ளி. அப்போதைய சட்டமன்ற உறுப்பினர் ஏ. பிரதீப்குமாரின் முயற்சியும் அரசுப் பணமும், பைசல் அண்ட் ஷபானா பவுண்டேஷன் என்ற ஒரு குடும்பத்தின் அறக்கட்டளையும் சேர்ந்து 2013 வாக்கில் அதை மாற்றிக் காட்டின. பள்ளி இன்றும் அரசுப் பள்ளியாகவே இருக்கிறது.

தவறிய உதாரணமும் உண்டு. 2010-இல் பேஸ்புக் நிறுவனர் மார்க் சக்கர்பெர்க், அமெரிக்காவின் நியூவார்க் நகரப் பள்ளிகளுக்கு 10 கோடி டாலர் தருவதாகத் தொலைக்காட்சியில் அறிவித்தார். அந்த ஊர்ப் பெற்றோருக்கே செய்தி அப்படித்தான் தெரிந்தது. எங்களைக் கேட்காமல் எங்கள் பிள்ளைகளைப் பற்றி முடிவா என்ற கோபம் கடைசி வரை அடங்கவில்லை.

டிரஸ்ட் பதிவு செய்துவிட்டுத்தான் தொடங்க வேண்டுமா?

வேண்டியதில்லை. முதல் இரண்டு வருஷம் எங்களிடம் இருந்தது ஒரு நோட்டும் ஒரு கூட்டு வங்கிக் கணக்கும்தான். நான்கு வீட்டாரோடு பணத்தைப் பற்றி முகம் கோணாமல் பேச முடிகிறதா என்று அதில் தெரிந்துவிடும். அதற்குப் பிறகுதான் டிரஸ்ட் பதிவு செய்தோம். தமிழ்நாட்டில் பதிவே இல்லாமல் பள்ளிக்குக் கொடுக்க வேறு வழியும் இருக்கிறது. 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி' என்ற அரசுத் திட்டம் மூலமாக நேராகவே கொடுக்கலாம்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். உயிலில் எழுதி வைத்துவிட்டால் போதும் என்று பெரியவர்கள் நினைக்கிறார்கள். பச்சையப்ப முதலியார் 1794-இல் காலமானார். அவர் விட்டுப்போன தர்மச் சொத்து வழக்கில் சிக்கி, சென்னையில் அவர் பெயரில் பள்ளி திறந்தது 1842-இல். 48 வருஷம்! கொடுக்க நினைப்பதில் ஒரு பகுதியையாவது கண்ணெதிரே கொடுத்துவிடுங்கள்.

வரிச் சலுகை கிடைக்குமா?

வருமான வரிச் சட்டத்தில் 80ஜி என்று சொல்லப்படும் நன்கொடைக் கழிவுக்கு அனுமதி உள்ள அறக்கட்டளைக்குக் கொடுத்தால் பொதுவாகத் தொகையில் 50 சதவீதம் வரை, அதற்குரிய உச்சவரம்புக்குள் கழிக்கலாம். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கழிவு இல்லை. பொருளாகக் கொடுத்தாலும் இல்லை. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கும் இந்தக் கழிவு கிடையாது. 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்கள் வேறு, ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நம்மில் பலருக்கு வருமானமே ஏலக்காய், அதாவது விவசாய வருமானம். மத்திய அரசின் வருமான வரி அதற்கு இல்லை என்னும்போது அதில் கழிக்கவும் ஒன்றும் இல்லை. எங்கள் ஏழு பேரில் சலுகைக்காகச் சேர்ந்தவர் யாரும் இல்லை.

துபாய், அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் அனுப்பலாமா?

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் முறையான வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பாஸ்போர்ட் நகலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டவர், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும், சட்டப்படி வெளிநாட்டவர்தான். அவர் பணத்தைத் தொட வேண்டும் என்றால் டிரஸ்டுக்கு எப்.சி.ஆர்.ஏ. என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பதிவுக்குக் குறைந்தது மூன்று வருஷம் இயங்கியிருக்க வேண்டும், அந்த மூன்று வருஷத்தில் 15 லட்சம் ரூபாய் நற்பணிக்குச் செலவு செய்திருக்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அப்படி வந்த பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது. எங்களைப் போன்ற சின்ன நிதிக்கு இது தாங்காது. அந்தப் பிள்ளைகளிடம் பணத்துக்குப் பதில் நேரம் கேட்கிறோம். ஒருத்தி மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலம் பேசிப் பழக்குகிறாள்.

கம்பெனிகளின் சி.எஸ்.ஆர். பணத்தைச் சேர்த்துக்கொள்ளலாமா?

லாபம் 5 கோடிக்கு மேல் போன கம்பெனிகள் மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம். கல்வியும் அந்தப் பட்டியலில் உண்டு. வந்தால் நல்லது. மார்ச் மாதக் கடைசியில் அவசரமாகச் செலவழிக்க வரும் பணத்தை மட்டும் நாங்கள் வாங்குவதில்லை.

பெயர்ப்பலகை வைப்பீர்களா?

இல்லை. பள்ளி வேண்டுமானால் கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டும். இவ்வளவு வந்தது, இவ்வளவு செலவு, அவ்வளவுதான். மதுரை கொடிக்குளத்தில் ஆயி பூரணம் அம்மாள் 2024-இல் தன் 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தை அரசுப் பள்ளிக்கு எழுதிக் கொடுத்தது, மறைந்த மகள் ஜனனியின் நினைவாக. அந்த மாதிரிக் கொடைக்கு மகள் பெயரை வைக்கச் சொல்லிக் கேட்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. வாளிக்கும் பெஞ்சுக்கும் பெயர் எழுதுவதில் இல்லை.

பலன் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

வருஷத்துக்கு இரண்டு தடவை நான்காம் வகுப்புப் பிள்ளைகளிடம் இரண்டாம் வகுப்புப் பத்தி ஒன்றைக் கொடுத்துப் படிக்கச் சொல்கிறோம், ஆசிரியர் பக்கத்தில் இருக்க. யார் யார் தடுமாறினார்கள் என்பது ஆசிரியருக்கு மட்டும் தெரியும். எங்களுக்கு எண்ணிக்கை போதும். பிள்ளைகளின் படத்தை எங்கேயும் போடுவதில்லை. கழிப்பறைக்கு வேறு சோதனை வைத்திருக்கிறோம். சொல்லாமல் போய், கதவைத் தள்ளிக் குழாயைத் திறந்து பார்ப்பது.

எண்ணிக்கை ஒரு வருஷம் ஏறாவிட்டால் உடனே நிதியை வேறு பள்ளிக்கு மாற்ற மாட்டோம். படிப்பு நெல் மாதிரி மூன்று மாதத்தில் அறுக்கிற பயிர் இல்லை. ஏலச்செடியே காய்ப்புக்கு வர இரண்டு மூன்று வருஷம் கேட்கிறது.

குடும்பத்துக்குள் சண்டை வந்தால்?

வந்தது. என் சொந்த அண்ணன் இரண்டு வருஷம் விலகி இருந்தார். தன் ஊர்ப் பள்ளிக்குக் கிடைக்கவில்லை என்ற வருத்தம். அதற்குப் பிறகு ஒரு விதி சேர்த்தோம்: தான் படித்த பள்ளிக்கோ தன் உறவினர் வேலை பார்க்கும் பள்ளிக்கோ உதவி கேட்டு வந்தால் அந்தக் குடும்பம் அன்று ஓட்டுப் போடக் கூடாது. அண்ணனே திரும்பி வந்தபோது முன்மொழிந்த விதி அது.

புதிதாகச் சேர விரும்பினால்?

மே மாதக் கடைசி ஞாயிறு, பள்ளி திறப்பதற்கு முன்னால் கூடுவோம். பணம் கொண்டுவர வேண்டாம். வரும் முன் உங்கள் ஊர்ப் பள்ளிக்கு ஒரு நாள் நாலு மணிக்குப் போய், பள்ளி விட்ட பிறகு ஆறு மணி வரை வாசலில் நின்றுவிட்டு வாருங்கள். என்ன பார்த்தீர்கள் என்பதிலிருந்து பேச்சைத் தொடங்கலாம்.